மூன்று நண்பர்கள், ஒரு புதையல், கொஞ்சம் விஷம்

மூன்று பேருக்குப் புதையல் கிடைக்கிறது. ஒருவன் சாப்பாடு வாங்க ஊருக்குள் போகிறான். மீதிக் கதை உங்களுக்கே தெரிந்திருக்கும்... போனவன் சாப்பாட்டில் விஷம் கலக்கிறான். இருந்தவர்கள் அவன் வந்ததும் கொன்றுபோட்டுவிட்டு, நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

'பேராசை பெருநஷ்டம்' என்று தலைப்புப் போட்டு, சின்ன வயதில் சொல்லப்படும் கதைதானே என்று தோன்றும். ஆனால் சுயநலம் பிடித்த நண்பர்களை வைத்து எடுக்கும் பிளாக் காமெடி படங்களை ரசிப்பவர்கள் இதன் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அந்தப் படங்களின் கொள்ளுத்தாத்தாக்களில் இது முக்கியமானது.

பழைய வடிவம் நம் நாட்டில்தான் இருக்கிறது. பாலி மொழியில் உள்ள புத்த ஜாதகக் கதைகளில் 48ஆவது, வேதப்ப ஜாதகம். ஓர் அந்தணருக்கு ஒரு மந்திரம் தெரியும். குறிப்பிட்ட நட்சத்திரச் சேர்க்கை நேரத்தில் சொன்னால் வானத்திலிருந்து ரத்தின மழை பொழியும். அவரையும் அவர் சீடனையும் 500 திருடர்கள் பிடித்து, பணம் கொண்டுவரச் சீடனை அனுப்புகிறார்கள். "இன்று ராத்திரி அந்த நேரம் வருகிறது, மந்திரத்தைச் சொல்லித் தொலைக்காதீர்கள்" என்று சீடன் எச்சரித்துவிட்டுப் போகிறான். குரு கேட்பாரா? சொன்னார், மழை பொழிந்தது, விட்டுவிட்டார்கள். அதற்குள் இன்னொரு 500 பேர் கொண்ட கூட்டம் வருகிறது. தங்களுக்கும் மழை வேண்டும் என்கிறார்கள். "அந்த நேரம் திரும்ப வர ஒரு வருஷம் ஆகும்" என்கிறார் குரு. உடனே அவரை இரண்டாக வெட்டிவிட்டு, முதல் கூட்டத்தைத் துரத்திக் கொல்கிறார்கள். பிறகு தங்களுக்குள் 250, 250 என்று பிரிந்து அடித்துக்கொள்கிறார்கள். இப்படியே குறைந்து குறைந்து, 1000 பேரில் கடைசியாக இரண்டே பேர். ஒருவன் கத்தியோடு காவல், ஒருவன் சோறு வாங்கப் போகிறான். அப்புறம் அதே முடிவு.

இதில் சிரிப்பு இருக்கிறது, ஆனால் அது கணக்குச் சிரிப்பு. ஆயிரம், ஐந்நூறு, இரண்டு, பூஜ்யம். செத்தவர்கள் எல்லாம் திருடர்கள், யாருக்கும் பெயர்கூடக் கிடையாது. அவர்களுக்குள் நட்பு என்று ஒன்று இருந்ததாகக் கதை சொல்லவே இல்லை. துரோகம் நடக்க முதலில் நம்பிக்கை இருக்க வேண்டுமே! (கடைசியில் சீடன் திரும்பி வந்து அத்தனை ரத்தினத்தையும் வீட்டுக்கு எடுத்துப் போகிறான். தான தர்மம் செய்தான் என்று கதை சமாதானம் சொல்கிறது. சரி, நம்புவோம் :-))

இந்தக் கதை மேற்கே நடந்து போனது. பாரசீகத்திலும் அரபியிலும் இயேசு அந்தப் பிணங்களைப் பார்த்துச் செல்வதாக வருகிறது. இத்தாலியக் கதைத் தொகுப்புகளிலும் உண்டு. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் ஜெஃப்ரி சாஸர் கைக்கு வந்தபோதுதான் அசல் திருப்பம்.

சாஸர் வெறும் கவிஞர் இல்லை. 1374-லிருந்து சுமார் 12 வருஷம் லண்டன் துறைமுகத்தில் கம்பளி, தோல் மீதான சுங்கக் கணக்கைப் பார்த்தவர். பணத்தைப் பார்த்ததும் மனிதர்கள் முகம் எப்படி மாறும் என்பதை மேஜைக்குப் பக்கத்திலேயே பார்த்திருப்பார் போலும்.

அவர் 'கேன்டர்பரி கதைகள்' நூலில் திருடர்களைத் தூக்கிவிட்டு மூன்று குடிகார நண்பர்களை வைத்தார். கொள்ளைநோய்க் காலம். காலையிலேயே சாராயக்கடையில் இருக்கிறார்கள். சாவு மணி கேட்கிறது. செத்தது இவர்களுடைய பழைய நண்பன், மரணம் என்கிற திருடன் கொன்றுவிட்டான் என்கிறான் ஒரு பையன். உடனே, போதையில், "நாம் மூவரும் இனி சகோதரர்கள், அந்த மரணத்தைத் தேடிப் பிடித்துக் கொல்வோம்" என்று சத்தியம் செய்து கிளம்புகிறார்கள். வழியில் ஒரு கிழவர், "மரணமா? அதோ அந்த மரத்தடியில் இருக்கிறது" என்று கை காட்டுகிறார். போய்ப் பார்த்தால் தங்கக் காசுக் குவியல். மரணத்தைத் தேடி வந்ததே மறந்துவிடுகிறது!

பகலில் தூக்கிப் போனால் திருடன் என்பார்கள், ராத்திரி வரை காத்திருக்க வேண்டும். சீட்டுப் போட்டு இளையவனை ஊருக்கு அனுப்புகிறார்கள். அவன் தலை மறைந்ததும் மற்ற இருவர் பேச்சு ஆரம்பம்: மூன்றாகப் பிரிப்பதை இரண்டாகப் பிரித்தால் என்ன? அதே நேரம் ஊருக்குள் அவனும் வகுத்தலை இன்னும் சுருக்குகிறான், ஒன்றால். எலித்தொல்லை என்று சொல்லி விஷம் வாங்கி, மூன்று புட்டிகளில் இரண்டில் கலக்கிறான். ஒன்று மட்டும் சுத்தம். ராத்திரி முழுக்கத் தனியாகத் தங்கம் சுமக்கவேண்டுமே, தாகம் எடுக்காதா? ஆயிரம் பேர் செத்த ஜாதகத்தைவிட இந்த மூன்றாவது புட்டி பயங்கரமானது. விளையாட்டாகக் கட்டிப் புரள்வது போல நடித்துத்தான் அவனைக் குத்துகிறார்கள். நட்பின் சேஷ்டையே ஆயுதம் ஆகிவிடுகிறது.

இதைச் சொல்பவன் யார் தெரியுமா? பாவமன்னிப்புச் சீட்டு விற்பவன். பன்றி எலும்பைப் புனித எலும்பு என்று காட்டிக் காசு பறிப்பவன். பேராசை கெட்டது என்று பிரசங்கம் செய்வதே தன் பை நிறையத்தான் என்று அவனே ஒப்புக்கொள்கிறான். கதை முடிந்ததும், கூச்சமே இல்லாமல், கேட்டவர்களிடமே காணிக்கை கேட்கிறான். விடுதிக்காரர் கொடுக்கிற பதில் இங்கே எழுதத் தகுந்தது அல்ல.

அதன்பின் கிப்ளிங் 1895-ல் வந்த 'இரண்டாம் ஜங்கிள் புக்'கில் விஷ ரொட்டியையும் ரத்தின அங்குசத்தையும் வைத்து ஒரே இரவில் ஆறு பேரைச் சாகடித்தார். 1948-ல் ஜான் ஹூஸ்டன் எடுத்த 'தி ட்ரஷர் ஆஃப் தி சியரா மாட்ரே'யிலும் மூன்று பேர், தங்கம், சந்தேகம்.

சாஸருக்கு நேர் வாரிசு என்றால் 1994-ல் வந்த 'ஷாலோ கிரேவ்'. ஏ.ஆர். ரஹ்மானுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த 'ஸ்லம்டாக் மில்லியனர்' எடுத்த டேனி பாயலின் முதல் திரைப்படம். (பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், முடிவு வரப்போகிறது.) எடின்பரோவில் ஒரே வீட்டில் ஒரு டாக்டர், ஒரு பத்திரிகையாளர், ஒரு அக்கவுண்டன்ட். திருடர்களும் இல்லை, குடிகாரர்களும் இல்லை, மாதச் சம்பளக்காரர்கள். புதிதாகக் குடிவந்தவன் பெட்டி நிறையப் பணத்தோடு செத்துக் கிடக்கிறான். பிணத்தை வெட்டுவது யார்? இங்கேயும் சீட்டுதான் போடுகிறார்கள், அது அக்கவுண்டன்டுக்கு விழுகிறது. அவன் பணப்பெட்டியோடு பரணில் குடியேறி, தளத்தில் ஓட்டை போட்டு நண்பர்களை வேவு பார்க்க ஆரம்பிக்கிறான்.

படத்தின் ஆரம்பத்தில் ஒரு குரல், நண்பர்களை நம்புவது பற்றி அமைதியாகப் பேசும். கடைசியில்தான் தெரியும், பேசுவது பிணவறையில் கிடக்கும் அந்த அக்கவுண்டன்ட். டாக்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமான நிலையத்துக்கு ஓடித் திறந்தால், உள்ளே பழைய செய்தித்தாள்கள். பத்திரிகையாளர் தோளில் இறங்கிய கத்தியோடு வீட்டுத் தரையில் கிடக்கிறார், சிரித்துக்கொண்டே. பணம் அந்தப் பலகைக்குக் கீழே.