கிள்ளான் பள்ளத்தாக்கின் பருவகால நீர் முன்கணிப்பு

கோலாலம்பூரும் சிலாங்கூரின் நகர்ப்புறங்களும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில், வரும் சில மாதங்களில் தண்ணீர் குறையுமா மிகுமா என்று முன்கூட்டி மதிப்பிடுவது பருவகால நீர் முன்கணிப்பு எனப்படும். இப்பள்ளத்தாக்கு வறண்ட நிலமன்று. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஆயினும் நீர்த்தேவை பெரிது. ஓரிரு மாதம் மழை பொய்த்தாலே குழாய்களில் அது தெரிந்துவிடும்.

மழைக்காலமும் அணைகளும்

பருவக்காற்று மாறும் ஏப்ரலிலும் அக்டோபர்–நவம்பரிலும் மழை மிகும். ஆண்டின் தொடக்கத்திலும் ஜூன்–ஜூலையிலும் குறையும். வட்டாரத்தின் குடிநீரில் பெரும்பகுதியைத் தருவது சிலாங்கூர் ஆறு. ஆற்றில் நீர் வற்றும்போது, 230 மில்லியன் கன மீட்டர் கொள்ளளவுள்ள சுங்கை சிலாங்கூர் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்படுகிறது.

முன்கணிக்கும் முறை

பசிபிக் பெருங்கடலின் எல் நினோ (மழை குறையும்), லா நினா (மழை மிகும்) நிலைகளும் இந்தியப் பெருங்கடலின் வெப்ப வேறுபாடுமே முதன்மைக் குறிகள். மலேசிய வானிலை ஆய்வுத் துறை சில மாதங்களுக்கான மழை நிலவரத்தை வெளியிடுகிறது. சிங்கப்பூரிலுள்ள ஆசியான் சிறப்பு வானிலை மையமும் வட்டாரக் கணிப்பைத் தருகிறது. இவை வழக்கத்தைவிட மழை கூடுமா, குறையுமா என்ற வாய்ப்பைச் சொல்லுமே தவிர, பெய்யும் நாளைச் சொல்லா. மார்ச் முதல் மே வரை செய்யப்படும் எல் நினோ கணிப்புகள் அவ்வளவாக நம்பத்தக்கவையல்ல.

மூன்று நிகழ்வுகள்

வலுவான எல் நினோவை அடுத்து 1998இல் சிலாங்கூரின் லங்காட் பகுதியில் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. 2014இல் எல் நினோ இல்லாமலே வறட்சி வந்தது. சுங்கை சிலாங்கூர் அணையின் இருப்பு 40 விழுக்காட்டிற்குக் கீழ் இறங்கியது. பல பகுதிகளில் இரண்டு நாள் தண்ணீர், இரண்டு நாள் இல்லை என்று பங்கீடு நடந்தது. அடுக்குமாடிவாசிகள் வாளிகளோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தனர்.

2021 டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் நிலைமை தலைகீழானது. ஒரு மாத மழை ஏறத்தாழ ஒரே நாளில் கொட்ட, ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. மக்கள் படகுகளில் மீட்கப்பட்டனர். அது லா நினாக் காலம்தான். ஆனால் வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தாக்குவது கிழக்குக் கரையை. மேற்குக் கரையில் வெள்ளத்தை உண்டாக்கிய காற்றழுத்தத் தாழ்வை மாதங்களுக்கு முன் கணிக்க வழியில்லை.

பயன்பாடு

அணையில் எப்போது, எவ்வளவு நீர் திறப்பது, கைவிடப்பட்ட வெள்ளீயச் சுரங்கக் குட்டைகளின் நீரை எப்போது ஆற்றுக்கு ஏற்றுவது போன்ற முடிவுகளுக்கு இக்கணிப்புகள் உதவும். அண்டை மாநிலமான பகாங்கிலிருந்து 44.6 கிலோமீட்டர் சுரங்கம்வழி வரும் நீர், கணிப்பு பிழைத்தாலும் கைகொடுக்கும் இருப்பு. வெள்ளத்தை முன்கூட்டி அறிய, வடிகால்–நீர்ப்பாசனத் துறையின் ஆற்று மட்ட அளவீடுகளும் அன்றாட மழை எச்சரிக்கையுமே துணை; பருவகாலக் கணிப்பு அவற்றுக்கு மாற்றாகாது.