வயிறு முதலில், ஆணி பிறகு

டாரஸ் லாரியில் மோதி, பைக் ஹேண்டில்பார் வயிற்றில் குத்தி, தொடையும் ஒடிந்து ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு ஒருவர் வந்தால், கேஸ் ஷீட்டின் சாரம் தமிழில் ஏறக்குறைய இப்படி இருக்கும். வார்டு வாசலில் நிற்கும் சொந்தக்காரர்களுக்காக வரி வரியாகச் சொல்கிறேன்.

“பெருங்குடல் கிழிசல், அவசர அறுவை.”

எந்தக் குடல் என்பது முக்கியம். சிறுகுடலின் மேற்பகுதியில் கிருமி குறைவு. பெருங்குடலிலோ ஒரு கிராம் மலத்தில் சுமார் பத்தாயிரம் கோடி. அது வயிற்றுக்குள் கசிந்தால் சீழ் பிடிக்கும், ரத்தத்திலும் கலக்கும். ரத்தம் நிறைய இழந்த உடம்புக்கு அதை எதிர்க்கத் தெம்பு இருக்காது. ஒடிந்த தொடையின் வலி வயிற்று வலியை மறைத்துவிடும் என்பதால், வயிற்றில் அடிபட்டதை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள்.

“தொடை எலும்பில் திறந்த முறிவு, கழுவி, வெளிக்கம்பி.”

தோல் கிழிந்து, புண் எலும்பு முறிவுவரை போயிருக்கிறது. கஸ்டிலோவும் ஆண்டர்சனும் 1976இல் இத்தகைய முறிவுகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள். காயம் பெரிதாகி, தசை நசுங்க நசுங்கத் தொற்றும் ஏறும். ஆன்டிபயாட்டிக் ஊசியைக் கூடுமானவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் போட வேண்டும். டெட்டனஸ் ஊசியும் உண்டு. செத்த தசையை வெட்டி எடுத்துக் கழுவி, எலும்பை வெளியிலிருந்து கம்பியால் பிடித்து நிறுத்துவார்கள்.

“ஆணி பின்னர்.”

சண்டை மூள்வது இந்த வரியில்தான். “காலை அப்படியே போட்டுட்டாங்களே” என்பார்கள். முறிந்த எலும்புக்குள் வைக்கும் உலோக ஆணியின் மேல் கிருமி படலமாக ஒட்டிக்கொண்டால் மருந்து அதற்குள் எளிதில் புகாது. எலும்பில் சீழ் கட்டி மாதக்கணக்கில் வடியும், ஆணியையே எடுக்க நேரலாம். ரத்த அழுத்தம் நிலைத்து, வயிறு அடங்கும்வரை காத்திருப்பது அலட்சியம் அல்ல, சிகிச்சை.

இந்த இடைவெளியில் சிலர் நோயாளியை வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் கொண்டுபோக நினைக்கிறார்கள். கல்குளம், விளவங்கோடு பக்கத்து ஆசான்மாரின் கைத்திறன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் திறந்த புண்ணுக்கும் கிழிந்த குடலுக்கும் எண்ணெயும் கட்டும் ஆகவே ஆகாது.

“காய்ச்சல், வடிகுழாய், தையல் கவனிக்க.”

குளிர்நடுக்கமோ, வயிறு உப்புசமோ, கட்டுப்போட்ட இடத்தில் நாற்றமோ தெரிந்தால் விடியட்டும் என்று இருக்காமல் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.

விபத்து நடந்த இடத்தில் சோடாவும் தண்ணீரும் கொடுக்காதீர்கள்; 108ஐ அழையுங்கள். பணத்துக்கு அலைந்து முதல் மணி நேரத்தைக் கழிக்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். களியக்காவிளை எல்லை தாண்டி வந்த கேரளக்காரருக்கும் அது உண்டு.