"ஏதும் விசேஷமா?"



கல்யாண வீட்டிலும் மையத்து வீட்டிலும் நாம் சர்வசாதாரணமாகக் கேட்டுவிடும் கேள்வி இது. இதற்கு விடை தேடி மனிதர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பண்டைய எகிப்தில் பெண்ணின் சிறுநீரைக் கோதுமை, பார்லி விதைகள் மீது ஊற்றி, முளைக்கிறதா என்று பார்த்தார்கள். 1920களின் பிற்பகுதியில் பெர்லினில் அஷ்ஹைம், சொண்டெக் என்ற இருவர் சிறுநீரைச் சுண்டெலிக்கு ஊசியால் ஏற்றி, சில நாட்களின் பின் அதை அறுத்துச் சூலகத்தைப் பரிசோதித்தார்கள். பிறகு ஆபிரிக்கத் தவளை வந்தது. கர்ப்பமென்றால் அது ஓரிரவுக்குள் முட்டையிட்டது. இன்று பார்மசியில் வாங்கும் பட்டி சில நிமிடத்தில் சொல்கிறது. எலியும் தவளையும் பட்டியும் காட்டியது எச்.சி.ஜி. என்ற ஒரே ஹோர்மோனைத்தான்.

ஒன்பது வருடம் ஏங்கிய லெஸ்லி பிரவுனின் கருப்பையில் 1977 நவம்பரில், இங்கிலாந்தின் ஓல்டாமில், கரு வைக்கப்பட்டது. அவரும் காத்திருந்தார். 1978 ஜூலை 25இல் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிறந்தார். இன்றும் கரு வைத்தபின் ஏறக்குறைய இரண்டு வாரம் பொறுக்கவே வேண்டும். அவசரப்பட்டுப் பார்த்தால், சிகிச்சைக்குப் போட்ட ஊசியிலிருந்த அதே ஹோர்மோன் சிலருக்குப் பொய்க்கோடு காட்டிவிடும்.

அந்த இரண்டு வாரத்தை நாங்களும் கடந்தோம். ஒவ்வொரு தொழுகையிலும் ஸகரிய்யா நபியின் துஆதான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே பயம், வருபவர் அதைக் கேட்டுவிடுவாரோ என்று.

முடிவு என்னவென்று இங்கே எழுதவில்லை. கேட்காமல் துஆ செய்யுங்கள், காத்திருக்கும் எல்லோருக்கும்.