ஒரு கணிப்பொறி மொழிக்கு விடை கொடுத்த வரலாறு

சரித்திரம் என்றதும் அரசர்களின் போர்களும் பட்டாபிஷேகங்களுமே நம் நினைவில் எழுகின்றன. கிணற்றைத் தூர் வாரியவனும், உடைந்த ஏரிக்கரையை அடைத்தவனும் அச்சரித்திரத்தில் இடம் பெறுவது அரிது. கணிப்பொறியின் வரலாறும் இதற்கு விலக்கன்று. புதிய நிரல்மொழி ஒன்றை ஆக்கியவரின் பெயரை உலகம் போற்றுகிறது. அம்மொழி எண்ணற்ற இயந்திரங்களில் நாள்தோறும் பழுதின்றி இயங்குமாறு பேணுவோரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அத்தகையோர் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் நடத்திய ஒரு காரியத்தை இங்கே நாம் நினைவுகூர்வோம்.

1969-ஆம் ஆண்டில், அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையை உருவாக்கத் தொடங்கினர். சிறு கருவிகள் பல ஒன்றோடொன்று கூடிப் பெருவேலையை முடிக்க வேண்டும் என்பதே அதன் தத்துவம். அவ்வழியைத் தழுவி, 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்ற உட்கருவை வெளியிட்டார். உட்கரு மட்டும் இருந்தால் மனிதருக்குப் பயனில்லை. அதைச் சூழப் பல்லாயிரம் மென்பொருள்கள் வேண்டும். அவற்றையெல்லாம் ஒருங்கே திரட்டித் தரும் நோக்கத்துடன், 1993 ஆகஸ்டு 16-இல் இயன் மர்டாக் என்பார் டெபியன் திட்டத்தை அறிவித்தார்.

டெபியனில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதியாகக் கட்டப்படுகிறது. கோப்புகள் எங்கே அமரவேண்டும், வேறு எந்தப் பொதிகள் துணை நிற்கவேண்டும் என்ற விவரங்கள் யாவும் அப்பொதியில் அடங்கும். ஒவ்வொரு பொதிக்கும் பேணுநர் ஒருவரோ ஒரு குழுவோ பொறுப்பு. அவர்களுட் பெரும்பாலோர் தன்னார்வத் தொண்டர்கள். நம் ஊர்களில் குடிமராமத்து என வழங்கிய பழைய ஏற்பாட்டின் சாயலை இதிலே காணலாம். ஆனால் நிரல்மொழியைப் பேணுவது ஏனைய பொதிகளைப் பேணுவதினும் கடினம். ஏனெனில், அது ஆயிரம் வீடுகளைத் தாங்கும் அடித்தளம் போன்றது.

பைதான் என்னும் நிரல்மொழியை நெதர்லாந்து அறிஞர் கைடோ வான் ரோஸம் 1989-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 1991-இல் வெளியிட்டார். எளிமையினால் அது விரைவில் பரவிற்று. 2000-இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. அதிலிருந்த சில அடிப்படைக் குறைகளைக் களையவேண்டி, 2008 டிசம்பரில் மூன்றாம் பதிப்பை வெளியிட்டனர். பழைய நிரல்கள் திருத்தமின்றிப் புதியதில் ஓடா என்பதை அறிந்தே அவர்கள் இதைச் செய்தனர்.

அக்குறைகளுள் ஒன்று தமிழராகிய நமக்கும் உரியது. பழைய பைதானில் சாதாரணச் சொல்தொடர் என்பது பைட்டுகளின் வரிசையே. யூனிக்கோடு எழுத்துகளுக்கெனத் தனி வகை ஒன்று இருந்தும், அதைப் பயன்படுத்த நிரலர் பலர் மறந்தனர். யூ.டி.எப்.-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். ஆகவே ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளம் யாது எனக் கேட்டால், பழைய பைதான் 15 என்றது. புதிய பைதான் 5 என்கிறது; இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுவதால் வந்த தொகை அது. நம் கணக்கில் எழுத்து மூன்றே. முற்றும் சரியன்று எனினும், பைட்டை விட்டு எழுத்தை நோக்கி வந்த பெரிய அடியே இது.

மற்றொரு மாற்றம் அபாயமானது. ஏழை இரண்டால் வகுக்கச் சொன்னால் பழையது 3 என்றது, புதியது 3.5 என்கிறது. பிழை என்று இயந்திரம் எச்சரிக்காது; விடை மட்டும் வேறாகும். பழைய நிரல் ஒன்று ‘பைதான்’ என்று அழைக்கும்போது புதியது வந்து நின்றால் கணக்கு ஓசையின்றித் தவறக்கூடும். எனவே டெபியன் பேணுநர்கள் பழைய பெயரைப் புதியதற்குத் தாமாகச் சூட்டவில்லை. 2021 ஆகஸ்டில் வந்த டெபியன் 11-இல், வெறும் ‘பைதான்’ என்ற கட்டளையே இயல்பாக வைக்கப்படவில்லை. அப்பெயர் புதியதைக் குறிக்க வேண்டுமென விரும்புவோர் அதற்கெனத் தனிப் பொதியொன்றை நிறுவிக்கொள்ளலாம்.

வேலையின் ஒழுங்கும் கவனிக்கத் தக்கது. புதியதை நடும்போது வேரிலிருந்து தொடங்க வேண்டும்: அடிப்படை நூலகம் மாறாமல் அதை நம்பிய செயலி மாற இயலாது. பழையதை அகற்றும்போதோ இலையிலிருந்து தொடங்க வேண்டும்: ஒரு நூலகத்தை நம்பிய கடைசிச் செயலியும் விலகிய பின்னரே அந்நூலகத்தை எடுக்கலாம். ஆதலால் நெடுங்காலம் ஒவ்வொரு நூலகத்தையும் இரு வடிவங்களில், இரு பெயர்களில், அவர்கள் சுமந்தனர்.

பழைய பைதானுக்கு 2015-இல் முடிவு என்று முதலில் குறித்திருந்தனர். 2014-இல் அதனை 2020-க்குத் தள்ளிவைத்தனர். பலருக்கு அந்த அவகாசமும் போதவில்லை. மின்னூல்களைப் பேணும் கலிபர் என்ற செயலி 2020 செப்டம்பரில்தான் புதிய பைதானுக்கு மாறிற்று. ஆக்கியோர் கைவிட்ட நிரல்கள் சிலவற்றை மாற்ற எவரும் முன்வரவில்லை. அவை டெபியனிலிருந்து நீக்கப்பட்டன. பேணுநர் விலகிய பொதியை அங்கே ‘அநாதை’ என்றே குறிக்கின்றனர். டெபியன் 11-இலும் வேறு சில பொதிகளைக் கட்டுவதற்காகப் பழைய மொழி எஞ்சி நின்றது. 2023 ஜூன் 10-இல் வெளிவந்த டெபியன் 12-இல், 64,000-க்கு மேற்பட்ட பொதிகளின் நடுவே, அதற்கு இடமில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் டெபியன் தொண்டர்களின் உலக மாநாடு நம் நாட்டில், கொச்சி நகரில் கூடியது. புதியதை ஆக்குவது அறிவின் செயல். பழையதை நம்பியிருந்தோரைத் தவிக்க விடாமல் அதற்கு விடை கொடுப்பது பொறுப்பின் செயல். முன்னதற்குப் புகழ் வரும். பின்னது செவ்வனே நடந்தால், நடந்ததென்றே யாரும் அறியார். நம் அலுவலகக் கணிப்பொறி நாளையும் வழக்கம்போல் விழிக்குமானால், அதில் இவர்கள் பங்கும் உண்டு என்பதை நாம் நன்றியுடன் எண்ணுவோமாக.