மூன்று இடங்கள்

ஜப்பானியப் பெண்களின் ஃபிகர் ஸ்கேட்டிங் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படுவது பிப்ரவரி மாதத்தின் வரலாறு. 1936இல் கார்மிஷ்-பார்டன்கிர்ஷனில் 12 வயது எட்ஸுகோ இனாடாவுக்குப் பத்தாவது இடம். 1992இல் ஆல்பர்வில்லில் மிடோரி இட்டோவுக்கு வெள்ளி. 2006இல் டுரினில் ஷிஸுகா அரகாவாவுக்குத் தங்கம். ஒலிம்பிக் நடப்பது பிப்ரவரியில் என்பதால் நினைவும் அந்த மாதத்திலேயே தங்கிவிட்டது. இது பொய் என்று நான் சொல்லவில்லை. பாதி வரலாறு என்கிறேன். மறுபாதி அதற்கு முந்தைய டிசம்பரின் கடைசியில், அகில ஜப்பான் போட்டியில் நடந்து முடிந்துவிடுகிறது. ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் மூன்று இடங்கள்தான். சில பருவங்களில் ஜப்பானில் அந்த மூன்று இடங்களுக்கு உலகத்தரமான ஆறு பேர் நின்றார்கள். மூவர் போனார்கள். மற்ற மூவரைப் பற்றி எழுத எனக்கு வெகுநாளாக ஆசை. குறிப்பாக ஒருவரைப் பற்றி.

2005-06 பருவத்தை எடுத்துக்கொள்கிறேன். இதன் முடிவுப் பட்டியல்களைத்தான் முதலில் படித்தேன். ஆட்டங்களைப் பதிவுகளில் பார்த்தது அதற்கப்புறம். இந்த வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன். பட்டியலை மட்டும் படித்தவனுக்கு எல்லாம் நியாயமாகத் தெரியும். ஆட்டங்களை மட்டும் பார்த்தவனுக்கு எல்லாம் அநியாயமாகத் தெரியும். இரண்டையும் செய்தவன் பாடு சிரமம்.

அந்த மூன்று இடங்களும் சும்மா வந்தவை அல்ல. முந்தைய ஆண்டு உலகப் போட்டியில் ஒரு நாட்டின் மேல்நிலை இருவரின் இட எண்களைக் கூட்டினால் 13ஐத் தாண்டக்கூடாது. தாண்டாவிட்டால் அந்த நாட்டுக்கு மூன்று இடங்கள். 2005இல் மாஸ்கோவில் ஃபுமியே ஸுகுரி ஐந்தாவது, மிக்கி ஆண்டோ ஆறாவது. கூட்டுத்தொகை 11. அதற்கு முந்தைய வருஷம் உலக வாகையராக இருந்த அரகாவா அன்று ஒன்பதாவதாக வந்தார். அவருடைய எண் கணக்கில் சேரவே இல்லை. ஆக அரகாவா டுரினுக்குப் போக வழி திறந்தவர்கள் மற்ற இருவர். தங்கத்தைப் பாராட்டி எழுதியவர்களில் இதைச் சொன்னவர்கள் குறைவு.

அந்தப் பருவத்தில் நின்றவர்கள் இந்த மூவரோடு யோஷியே ஓன்டா, யுகாரி நக்கானோ, 15 வயது மாவோ அஸாடா. ஆண்டோ 2002இலேயே ஒரு ஜூனியர் போட்டியில் நான்கு சுற்று ஸால்கோவ் தாண்டிய சிறுமி. பெண்களில் அதைப் போட்டியில் முதலில் செய்தவர். நக்கானோ டிரிபிள் ஆக்ஸலை, அதாவது முன்னோக்கிப் புறப்பட்டு மூன்றரைச் சுற்று சுற்றி இறங்கும் தாவலை, போட்டியில் செய்துகாட்டிய மிகச் சில பெண்களில் ஒருவர். அந்தத் தாவலைப் பெண்களில் முதலில் செய்தவர் மிடோரி இட்டோ. இட்டோவையும் நக்கானோவையும் அஸாடாவையும் வளர்த்தது ஒரே ஆசிரியை, நகோயாவின் மச்சிக்கோ யமாடா. இட்டோ சிறுவயதில் அவர் வீட்டிலேயே தங்கி வளர்ந்தார். கிட்டத்தட்ட ஒரு குருகுலம்.

இட்டோவைப் பற்றிப் பேசாமல் மேலே போக முடியாது. ஃபிகர் ஸ்கேட்டிங் என்ற பெயரே பனியின் மேல் பிளேடால் கீறும் உருவங்களிலிருந்து வந்தது. வட்டங்கள், எட்டுகள், அதே கோட்டின் மேல் மறுபடி மறுபடி போவது. இசை கிடையாது. நடுவர்கள் குனிந்து பனியில் விழுந்த கோட்டைப் பார்ப்பார்கள். ஆடியவளைப் பார்க்கமாட்டார்கள். கட்டாய உருவங்கள் என்ற இந்தப் பகுதிக்கு ஒரு காலத்தில் மொத்த மதிப்பில் பாதிக்கு மேல் கொடுத்திருந்தார்கள். உருவமா உள்ளடக்கமா என்று நம் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டவர்களுக்கு இந்த விளையாட்டின் சரித்திரத்தை யாராவது அறிமுகப்படுத்தியிருக்க வேண்டும். 1990இல் ஹாலிஃபாக்ஸ் உலகப் போட்டியில் இட்டோ உருவப் பகுதியில் பத்தாவது. மற்ற இரண்டு பகுதிகளிலும் முதல். மொத்தத்தில் வெள்ளி. உலகப் போட்டிகளில் கட்டாய உருவங்கள் இடம்பெற்றது அதுவே கடைசித் தடவை. விதி போய்விட்டது. அந்த விதியால் தள்ளப்பட்ட இடம் மட்டும் பட்டியலில் அப்படியே இருக்கிறது.

விதிகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. ஒவ்வொன்றும் நியாயம் என்ற பெயரில் வருகிறது. 2002இல் ஸால்ட் லேக் சிட்டியில் ஜோடி ஆட்டத் தீர்ப்பு சந்தி சிரித்தபின், ஆறுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் பழைய முறையைக் கைவிட்டு, ஒவ்வொரு அசைவுக்கும் விலைப்பட்டியல் வைத்தார்கள். அதுவும் நியாயத்துக்காகத்தான். வயது விதியும் அப்படியே. அன்று ஒலிம்பிக்குக்கு முந்தைய ஜூலை 1க்கு முன் 15 வயது நிரம்பியிருக்க வேண்டியிருந்தது. அஸாடா பிறந்தது 1990 செப்டம்பர் 25. 87 நாள் பற்றவில்லை.

ஆனால் சீனியர் கிராண்ட் பிரி தொடருக்கு அன்று 14 வயது போதுமாயிருந்தது. ஆகவே 2005 டிசம்பர் நடுவில் டோக்கியோ யோயோகி அரங்கில் நடந்த கிராண்ட் பிரி இறுதிப் போட்டியில் அஸாடா ஆடலாம். ஆடி, அன்றைய உலக வாகையரான ருஷ்யாவின் இரினா ஸ்லுட்ஸ்கயாவை எட்டுப் புள்ளிகளுக்கு மேல் வித்தியாசத்தில் தோற்கடித்தாள் அந்தச் சிறுமி. உலகத்தில் முதலிடத்துக்கு வயது போதும், ஒலிம்பிக்கில் கலந்துகொள்ளத்தான் போதாது. பிரதமர் கொய்சுமிகூட இது விநோதம் என்ற ரீதியில் பேசினார். விதி மாறவில்லை. மாறாதது நல்லது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒருத்திக்காக வளைத்தால் அது விதியல்ல. 2022 பெய்ஜிங்கில் 15 வயது ருஷ்யப் பெண் ஒருத்தி ஊக்கமருந்து விவகாரத்தின் நடுவே பனியில் விழுந்து விழுந்து எழுந்ததை உலகமே பார்த்தது. அந்த ஆண்டே கீழ் வயதை 17 வரை உயர்த்தத் தீர்மானித்தார்கள். அஸாடாவின் 87 நாளைப் பற்றி 2005இல் கோபப்பட்டவர்கள் இப்போது என்ன சொல்வார்கள் என்று கேட்க ஆசையாக இருக்கிறது.

அதே இறுதிப் போட்டியில் மூன்றாவதாக வந்தவர் நக்கானோ. நான்காவது ஆண்டோ. அரகாவா தகுதியே பெறவில்லை. அதற்குச் சில வாரங்களுக்கு முன் நக்கானோ என்எச்கே கோப்பையையும் வென்றிருந்தார். அந்தப் பருவத்தை மட்டும் பார்த்தால் வயது தகுதி உள்ள ஜப்பானியர்களில் மேலாக ஆடிக்கொண்டிருந்தவர் நக்கானோதான்.

ஒரு வாரம் கழித்து, அதே யோயோகியில், அகில ஜப்பான். கென்ஸோ டாங்கே 1964 ஒலிம்பிக்கின் நீச்சல் போட்டிகளுக்காகக் கட்டிய கட்டடம் அது. கூரை கம்பிவடங்களில் தொங்குகிறது. முடிவு: ஸுகுரி, அஸாடா, அரகாவா, ஓன்டா, நக்கானோ, ஆண்டோ. அஸாடாவை எடுத்துவிட்டால் ஸுகுரி, அரகாவா, ஓன்டா என்று வர வேண்டும். வரவில்லை. தேர்வு இந்த ஒரு போட்டியால் மட்டும் அல்ல. இரண்டு பருவங்களின் முடிவுகளைப் புள்ளிகளாக்கி, முந்தைய பருவத்தைச் சற்றுக் குறைத்துக் கூட்டிப் பார்ப்பது என்று முன்பே தீர்மானித்திருந்தார்கள். கூட்டினார்கள். ஸுகுரி, அரகாவா, ஆண்டோ.

ஆறாவதாக வந்தவர் போகிறார், நான்காவதும் ஐந்தாவதும் வீட்டில். ஆண்டோவின் முகம் விளம்பரங்களில் இருந்ததால்தான் என்று முணுமுணுப்பு எழுந்தது. அதை ஏற்க எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. கணக்கு முன்கூட்டியே சொல்லப்பட்ட கணக்கு. ஆண்டோ முந்தைய இரண்டு ஆண்டுகளின் தேசிய வாகையர். மூன்றாவது இடத்தை மாஸ்கோவில் சம்பாதித்தவர்களில் ஒருவர். கணக்கில் தப்பில்லை. என்னைத் தொந்தரவு செய்வதும் அதுதான். சதி இருந்திருந்தால் நக்கானோவுக்கு ஒரு எதிரியாவது இருந்திருப்பான். அவரைத் தள்ளியது 2004. அந்த வருஷத்தில் அவர் யாராகவும் இல்லை, 2005இல் யாரோவாக ஆகிவிட்டார். கலைஞன் திடீரென்று ஒரு கட்டத்துக்கு வந்து சேருவதை எந்தக் கூட்டலும் பிடிக்காது. கூட்டல் பழகியவர்களைத்தான் பிடிக்கும். (நம் பரிசுக் குழுக்களைப் பற்றி இங்கே எழுதலாம். அங்கே இந்தக் கூட்டல்கூட இல்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.)

டுரினில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். குறும்பகுதி முடிவில் ஸாஷா கோஹன், ஸ்லுட்ஸ்கயா, அரகாவா மூவரும் ஒரு புள்ளிக்கும் குறைந்த இடைவெளியில் நின்றார்கள். மற்ற இருவரும் நெடும்பகுதியில் விழுந்தார்கள். அரகாவா விழவில்லை. திட்டமிட்ட மூன்று-மூன்று இணைத் தாவலை மூன்று-இரண்டாகக் குறைத்துக்கொண்டார். துணிச்சலைக் கைவிட்டதுதான் தங்கத்தைத் தந்தது என்று ஒரு விமர்சகன் சொல்லலாம். நான் சொல்லமாட்டேன். ஏனென்றால் புச்சினியின் டுரான்டாட் இசை உச்சத்துக்குப் போகும் இடத்தில் அவர் இன்னொன்று செய்தார். இரு பாதங்களும் எதிரெதிர்த் திசையைப் பார்க்க, முன் முழங்கால் மடங்க, உடல் பின்னால் வளைந்து தலை கவிழ, பனியின் குறுக்கே நீளமாக வழுக்கிப் போனார். ஐம்பதுகளில் இதைக் கொண்டுவந்த மேற்கு ஜெர்மன் ஸ்கேட்டரின் பெயரால் இதற்கு இனா பவர் என்று பெயர். புதிய விலைப்பட்டியலில் இந்த வளைவுக்குத் தனி விலை கிடையாது. விலையில்லாத அசைவுகளை எல்லாரும் கழித்துக்கொண்டிருந்த பருவத்தில் அவர் அதை வைத்துக்கொண்டார். அந்த ஒலிம்பிக்கில் ஜப்பானுக்குக் கிடைத்த ஒரே பதக்கம் அவருடையது. ஜப்பானில் இன்றும் அவர் பெயரைச் சொன்னால் நினைவுக்கு வருவது அந்த விலையில்லாத சில வினாடிகள்.

ஸுகுரி நான்காவது. ஆண்டோ நான்கு சுற்றை முயன்று விழுந்து, மேலும் விழுந்து, பதினைந்தாவது. ஒரு மாதம் கழித்து, மார்ச்சில், கால்கரி உலகப் போட்டி. ஒலிம்பிக்குக்குப் போகாத நக்கானோ அங்கே ஐந்தாவது. இதை வைத்து டிசம்பரின் கணக்கைப் பழிப்பது சுலபம். ஆனால் மறு வருஷம், 2007இல், டோக்கியோவில் உலக வாகையரானவர் அதே ஆண்டோ. நக்கானோ அங்கும் ஐந்தாவது. 2008இல் கோதன்பர்க்கில் நான்காவது. பதக்கத்துக்கு அடுத்த இடத்தில் ஒரு ஆள் வருஷக்கணக்காக நின்றுகொண்டிருந்தார்.

அவர் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாவலில் ஒரு கால் மற்றதைச் சுற்றிக்கொள்ளும். அழகில்லை என்பார்கள். உண்மை, அழகில்லை. ஆனால் சுழற்சியில், ஒரு காலைப் பின்னால் நீட்டிப் பிடித்து உடலை வளையமாக்கிக்கொண்டு சுற்றும்போது, அந்த வளையம் வேறு யாரிடமும் அவ்வளவு முழுமையாக நான் பார்த்ததில்லை. குறையும் நிறைவும் ஒரே உடம்பில் இப்படிப் பகிரங்கமாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த ஒலிம்பிக் வான்கூவர். 2009 டிசம்பர், ஒசாகா. ஆண்டோ கிராண்ட் பிரி இறுதியில் வெள்ளி வாங்கி இடத்தை முன்பே உறுதிசெய்துவிட்டார். இப்போது வயது நிரம்பிய அஸாடா தேசிய வாகையராகி இரண்டாவது இடத்தை எடுத்துக்கொண்டார். மிச்சம் ஒன்று. அதற்கு நக்கானோவும் அக்கிகோ ஸுஸுக்கியும். இருவரும் 1985இல் பிறந்தவர்கள், இருவரும் ஐச்சி மாகாணம். ஸுஸுக்கி 18 வயதில் ஸெண்டாய்க்குப் படிக்கப் போன இடத்தில் உணவு மறுக்கும் நோய் வந்து, உடல் 32 கிலோவாகி, ஒரு பருவம் முழுக்கப் பனியில் இறங்காமல் கிடந்து மீண்டவர். அன்று ஸுஸுக்கி 195.90. நக்கானோ 195.73.

0.17. ஒரு தாவலுக்கு ஒன்றிரண்டு நடுவர்கள் ஒரு படி மாற்றிப் போட்டிருந்தால் காணாமல் போயிருக்கும் தொகை. ஸுஸுக்கி போகக்கூடாது என்று யார் சொல்ல முடியும்? அவர் வான்கூவரில் எட்டாவதாக வந்தார், நான்கு வருஷம் கழித்து ஸோச்சியிலும் எட்டாவதாக வந்தார். நக்கானோ 2010இல் போட்டிகளிலிருந்து விலகி ஃபுஜி டெலிவிஷனில் வேலைக்குச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகும் டிசம்பர்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2017இல் இரண்டே இடங்கள். வகாபா ஹிகுச்சி நான்காவதாக வந்து ஒலிம்பிக்கை இழந்தார். மூன்று மாதத்தில் மிலானோ உலகப் போட்டியில் வெள்ளி வாங்கினார். 2022 பெய்ஜிங்கில் டிரிபிள் ஆக்ஸலோடு ஐந்தாவதாக வந்தார். 2017இல் ஐந்தாவதாக வந்து வீட்டில் இருந்த மாய் மிஹாரா, 2021 டிசம்பரில் நான்காவதாக வந்து மறுபடி வீட்டில் இருந்தார். அந்த ஜனவரியில் தாலினில் நடந்த நான்கு கண்டங்கள் போட்டிக்கு அவரை அனுப்பினார்கள். தங்கம் வாங்கிக்கொண்டு திரும்பினார்.