ஒலிநாடாவில் மிருதங்கம்

ஸ்ரீமுஷ்ணம் என்றதும் பூவராகப் பெருமாள் நினைவுக்கு வருவார். கச்சேரி கேட்பவர்களுக்கு ஸ்ரீமுஷ்ணம் ராஜாராவின் மிருதங்கமும் உடன் வரும். ஒலிநாடாவும் மிருதங்கமும் பட்ட பாட்டை எழுத இந்த ஊரே பொருத்தமான வாசல் என்று தோன்றுகிறது.

எண்பதுகளில் இங்கே ஒரு பதிவகத்தில் வெற்றுக் கேசட்டைக் கொடுத்துக் கச்சேரிப் பிரதி எடுத்து வந்தேன். பாட்டு தெளிவாயிருந்தது, மிருதங்கம் மட்டும் தலையணையைத் தட்டுவதுபோல் கேட்டது. வாசித்தவரைக் குறை சொன்னேன். குற்றம் வேறிடத்தில் இருந்ததைப் பின்னால்தான் அறிந்தேன். வேறு வகை நாடாவுக்காகத் திருகிய பயாஸ் குமிழை யாரும் திருப்பி வைக்கவில்லை.

நாடாவில் பூசிய இரும்பு ஆக்சைடுத் துகள்கள் மெல்லிய காந்தப்புலத்துக்கு அசைவதில்லை. சேற்றில் நிற்கும் வண்டியை மெல்ல இழுத்தால் நகராதல்லவா, அதுபோல. ஆகவே மெல்லிய ஒலி திரிந்தே பதியும். 1898இல் எஃகுக் கம்பியில் முதன்முதலாகக் குரலைப் பதித்த டென்மார்க்கின் பவுல்சன், பின்னர் நேர்மின்னோட்டத்தைச் சேர்த்துப் பார்த்தார். திரிபு குறைந்தது, இரைச்சல் மிஞ்சியது.

செவிக்கு எட்டாத உயர் அதிர்வெண் மின்னோட்டத்தை இசையோடு கலந்து, துகள்களை ஓயாமல் உலுக்கிக்கொண்டே பதிவதுதான் உண்மையான தீர்வு. அமெரிக்கக் கடற்படைக்காகப் பணியாற்றிய கார்ல்சனும் கார்ப்பென்டரும் இதற்கு 1927இல் காப்புரிமை பெற்றார்கள், உலகம் கவனிக்கவில்லை. ஜப்பானில் கென்சோ நாகாய் தனியே இதைக் கண்டார். 1940இல் பெர்லின் வானொலியின் வால்ட்டர் வெபர், பழுதான பெருக்கி ஒன்று தானாக அலையத் தொடங்கியதால் தற்செயலாக இதே இடத்துக்கு வந்தார் என்பார்கள். போர் முடிந்தபின் ஜாக் மல்லின் என்ற அமெரிக்கப் படைவீரர் அந்த ஜெர்மன் கருவிகளை ஊருக்கு அனுப்பினார். 1948இல் ஆம்பெக்ஸ் கருவி பிறந்தது அதிலிருந்துதான்.

வழி கிடைத்தாலும் அளவு பிடிபடவேண்டுமே! பயாஸ் குறைந்தால் ஒலி கரகரக்கும். கூடினால், பதிந்துகொண்டிருக்கும் நுண்ணிய அலைகளை அதுவே அழித்துவிடும். கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் ஓடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஏறத்தாழ 210 அலைகள் ஒரு மில்லிமீட்டருக்குள் நெருங்கி நிற்கவேண்டும். முதலில் மடிபவை அவைதான். குரோம் நாடாவுக்குச் சாதாரண நாடாவைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பயாஸ் தேவை; அந்த அளவில் சாதாரண நாடாவைப் பதிந்தால் என் கேசட்டின் கதிதான்.

மிருதங்கத்துக்கு இந்த இழப்பு சிறியதன்று. பொதுவாகத் தோற்கருவிகளின் மேற்சுரங்கள் ஒழுங்கற்றவை. வலந்தலையில் அப்பிய கருஞ்சாதம் அவற்றை இசைவான வரிசையில் நிறுத்துகிறது என்று சி.வி. ராமன் 1920இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அந்த மேற்சுரங்களோடு, விரல் தோலில் படும் கணத்தின் கூர்மையும் சேர்ந்ததே சாப்பு. பயாஸ் மிகுந்தால் அந்தக் கூர்மைதான் முதலில் மழுங்கும். குரல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் வாழ்வதால் தப்பிவிடும். பாடகருக்குக் குறையில்லாமல் பக்கவாத்தியக்காரருக்கு மட்டும் தண்டனை. இது கொஞ்சம் அநியாயம்தான்.

பதியும்போது இழந்ததை இயக்கும்போது ஈடுகட்டுவது கடினம். அண்மையில் அந்தக் கேசட்டைக் கணினியில் ஏற்றி மேல்சுருதியைக் கூட்டிப் பார்த்தேன். சாப்பு அரைகுறையாக வந்தது; சீறல் முழுதாக வந்தது.