தங்கமலை அருகே ஒரு கல்மாளிகை

ஊவா மாகாணத்தின் மலைத்தொடரிலே, கத்தி முனை போன்ற குறுகியதொரு முகட்டில் அமைந்திருக்கிறது அப்புத்தளைப் பட்டினம். அதன் ஒரு பக்கம் தேயிலை மலைகள் அலையலையாக எழுந்து நிற்கும். மறுபக்கம் நிலம் சட்டெனச் சரிந்து வெல்லவாயாச் சமவெளியிலே சென்று முடியும். வானம் தெளிந்த நாட்களில் தென்கடற்கரை வரையிலும் பார்வை செல்லும் என்பர். இப்பட்டினத்திலிருந்து மேற்கே இரண்டு மைல் தொலைவில், தங்கமலைக் காட்டின் ஓரமாக, ஆங்கில நாட்டுப் பிரபு ஒருவரின் மாளிகையைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தாற்போல் ஒரு கல்வீடு நிற்கிறது. அதன் பெயர் அடிசம்.

இவ்வீட்டைக் கட்டியவர் சர் தோமஸ் வில்லியர்ஸ். 1869ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்திலுள்ள அடிசம் என்னும் சிற்றூரில், தேவாலயக் குருவானவரின் மகனாக அவர் பிறந்தார். அவருடைய தாய், இருமுறை பிரித்தானியப் பிரதமராயிருந்த ஜோன் ரசல் பிரபுவின் மகள். உயர்குடிப் பிறப்பு இருந்ததேயன்றிக் கையிலே பெரும் பொருள் இருக்கவில்லை. 1887இல் இலங்கைக்குக் கப்பலேறிய அந்த இளைஞர் தோட்டத்திலே தொழில் பழகினார். பின்னர் கொழும்பில் புகழ்பெற்ற ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியின் தலைவரானார். சட்டசபையிலும் அங்கம் வகித்தார்.

அவர் வந்திறங்கிய காலம் மலைநாட்டின் தலைவிதியே மாறிக்கொண்டிருந்த காலமாகும். 1869இல் இலைகளைப் பற்றிய துரு நோய் கோப்பிப் பயிரைச் சில ஆண்டுகளுக்குள் அழித்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையிலே வணிக நோக்குடன் பயிரிட்டுக் காட்டிய தேயிலை, கோப்பி விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். 1893இல் புகையிரதம் அப்புத்தளைக்கு வந்தது. மறு ஆண்டில் பண்டாரவளையை எட்டியது. 1924இல் பதுளையிலே தன் பயணத்தை முடித்துக்கொண்டது. ஆடி, ஆவணி மாதங்களில் வீசும் உலர்ந்த கச்சான் காற்றிலே ஊவாத் தேயிலைக்கு ஒரு தனி மணம் சேர்கிறது. அந்த மணமே உலகச் சந்தையில் அதன் பெயரை நாட்டியது.

இவ்வாறு தேயிலையால் செழித்த நாட்களிலே, 1931இல், தமது பிறந்த ஊரின் நினைவாக வில்லியர்ஸ் இம்மாளிகையை எழுப்பினார். கென்றிலுள்ள லீட்ஸ் கோட்டையின் சாயலில் இதனை அமைத்தனர் என்று கூறுவர். சுவர்கள் உள்ளூர்க் கருங்கல்லால் ஆனவை. கதவுகளும் சன்னல்களும் பர்மாத் தேக்கு. உயர்ந்து நிற்கும் புகைபோக்கிகள், குறுகி நீண்ட சன்னல்கள், ரோசாச் செடிகள் நிறைந்த பூந்தோட்டம், தடித்த நூல்கள் அடுக்கிய வாசிகசாலை ஆகிய யாவும், கடல் கடந்து வந்த ஒரு மனிதர் தம் ஊரை மறக்க இயலாமல் மலையுச்சியிலே அதனை மீண்டும் படைத்துக்கொண்ட கதையைச் சொல்கின்றன.

பிறந்த ஊரை மறக்க இயலாதவர் அவர் ஒருவர்தானா? அதே மலைகளில் திருச்சிராப்பள்ளியையும் சேலத்தையும் மதுரையையும் புதுக்கோட்டையையும் நெஞ்சிலே சுமந்துகொண்டு ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்தனர். கங்காணிமாரின் பின்னால், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து மலையேறியோரின் மக்களும் பேரர்களும் அவர்கள். துரை தம் ஊரின் நினைவைக் கல்லிலே கட்டினார். அவர்களோ, பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவேயான லயத்து அறைகளில் இருந்துகொண்டு, மாரியம்மன் கோயிலாகவும் காமன் கூத்தாகவும் தம் ஊரைக் கட்டிக்கொண்டார்கள். மாளிகையை வரைந்த கட்டடக் கலைஞரின் பெயர்கள் வரலாற்றுக் குறிப்புகளிலே உள்ளன. கல் உடைத்தவர், மரம் இழைத்தவர், மலைப்பாதையில் சுமை ஏற்றியவர் பெயர்களை அக்குறிப்புகளிலே காண்பதற்கில்லை.

அடிசம் எழுந்த 1931ஆம் ஆண்டு வேறொரு வகையிலும் நினைவுகூரத்தக்கது. டொனமூர் அரசியலமைப்பின் கீழ், சர்வசன வாக்குரிமையுடன் இலங்கையின் முதல் தேர்தல் நடந்த ஆண்டு அது. தோட்டத் தமிழருள்ளும் ஒரு பகுதியினர் அன்று வாக்களித்தனர். அட்டனிலிருந்து பெரி சுந்தரம் அரசாங்க சபைக்குச் சென்று தொழில் அமைச்சருமானார். ஆயின் பதினேழே ஆண்டுகளின் பின், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பிரித்தது: ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு. அப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் புகையிரதமேறி, தாம் பிறந்த மலைகளை இறுதியாகப் பார்த்தபடி சென்ற குடும்பங்கள் பல. எஞ்சியிருந்தோரின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே பெரும்பாலும் தீர்ந்தது.

மாளிகையின் நிலையும் மாறாதிருக்கவில்லை. வில்லியர்ஸ் முதுமையில் தாய்நாடு திரும்பினார். வீடு கைமாறிற்று. 1960களின் தொடக்கத்தில் அது புனித ஆசீர்வாதப்பர் சபையின் சில்வெஸ்திரியத் துறவிகளைச் சென்றடைந்தது. 1845 முதல் இலங்கையிலே பணிபுரிந்துவரும் சபை அது. விருந்தினர் கூடிய மண்டபங்களிலே அன்றுமுதல் செபமும் மௌனமும் குடிகொண்டன. துறவிகள் பழைய தளபாடங்களையும் நூல்களையும் பேணிக் காத்தனர், பழத்தோட்டம் வளர்த்தனர், அதன் கனிகளிலிருந்து தாம் செய்யும் ஜாமையும் பழச்சாற்றையும் வருவோருக்கு விற்கின்றனர். சில அறைகளில் தங்கிச் செல்வதற்கும் வசதியுண்டு. வார இறுதி நாட்களிலும் போயா நாட்களிலும் பாடசாலை விடுமுறையிலும் மக்கள் உள்ளே சென்று காணலாம். துறவிகள் வாழும் இல்லமாதலால் அமைதி பேணுதல் வருவோர் கடமையாகும்.

அடிசத்துக்கு வருவோர் அதனோடு நின்றுவிட வேண்டியதில்லை. அருகிலே 1938இல் சரணாலயமாக்கப்பட்ட தங்கமலைக் காடு. பறவைகளின் குரலன்றி வேறொலி அங்கு அரிது. பட்டினத்தின் மறுபுறம் தம்பேதன்னைத் தொழிற்சாலையில், கொழுந்து வாடுவதும் அரைபடுவதும் நிறம் மாறுவதும் கண்டு மகிழலாம். அதற்கும் மேலே, லிப்டன் அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்வையிட்டதாகச் சொல்லப்படும் முகடு. விடியற்காலையிலே அங்கு ஏறிவிட வேண்டும். நேரம் செல்லச் செல்ல மூடுபனி எல்லாவற்றையும் மறைத்துவிடும். கீழே கொஸ்லந்தைக்கு அண்மையில், எழுநூறு அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து விழுகிறது தியலும நீர்வீழ்ச்சி.

அதே கொஸ்லந்தைப் பகுதியிலேதான் மீரியபெத்தைத் தோட்டமும் இருக்கிறது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை மலை சரிந்து, அங்கிருந்த லயங்களை மண்ணுக்குள் புதைத்தது. கருங்கல் மாளிகை எண்பது ஆண்டுகளாக அசையாது நிற்க, அதனைச் சாத்தியமாக்கிய செல்வத்தைத் தம் கைகளால் பறித்துச் சேர்த்த மக்களின் வழிவந்தோருக்கு உறுதியான ஒரு கூரை அந்நாள்வரை கிட்டவில்லை. ஊவாவின் அழகைக் காணச் செல்வோர் இவ்விரண்டு வீடுகளையும் சேர்த்து நினைத்தல் வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்றின் வரலாறு நிறைவுபெறாது.

மாளிகையின் பெயர் கென்றிலிருந்து வந்தது. சாயல் ஓர் ஆங்கிலக் கோட்டையிலிருந்து வந்தது. தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. ஆனால் அதன் பின்னே ஓங்கி நிற்கும் காட்டுக்கு வழங்கும் பெயர் தமிழ்ப் பெயர். தங்கமலை என்று அதனை முதன்முதல் அழைத்தவர் யாராயினும், தம் கண்முன் நின்ற மலையைத் தம் மொழியிலே தமதாக்கிக்கொண்டவர் அவர். கல்வெட்டு எதுவுமின்றியே அப்பெயர் நிலைத்துவிட்டது.